இரண்டரை அடிச் சுவர்

"சுவத்துக் கனத்தையும் சேத்துத்தானத்தா அளந்திருக்க?" என்று கொத்தனார் இருளாண்டி கேட்டபோது அகல்யா தலையை ஆட்டிவிட்டாள்.

காதில் விழாமல் ஆட்டவில்லை. ஏணியின் மேல்படியில் நின்று, பரணுக்குள் டேப்பை நீட்டி, கடைசி அறையின் நீளத்தை அட்டைத்துண்டில் குறித்துக்கொண்டிருந்தாள். கீழே நான்கு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் பார்க்கும்போது யாராவது எதையாவது கேட்டால் அவளுக்கு முதலில் தலை ஆடிவிடும். கேள்வி புத்திக்குள் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்கிறார்கள் என்பதற்காகவே பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். அதற்குப் பிறகு எட்டு வருஷமாக, காரைக்குடியில் அண்ணன் பாண்டிமுருகன் வைத்திருக்கும் ஏ.சி. கடையில் இருக்கிறாள். முதலில் பில் எழுதினாள். அப்புறம் ஃபில்டர் கழுவினாள். அண்ணனுக்குத் தோள்பட்டை பிசகிப்போன ஒரு கோடையில் காப்பர் பைப்புக்கு வெல்டிங் வைக்கக் கற்றுக்கொண்டாள். பைப் பதில் சொல்லச் சொல்வதில்லை. அதனால் அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

இப்போது வேலை நடப்பது நாச்சியாபுரத்தில், லட்சுமணன் செட்டியார் வீட்டில். அவர் வீடு என்று வாய்ப்பேச்சுக்குச் சொல்வதுதான். வீடு ஆறு பங்குக்காரர்களுக்குச் சொந்தம். அதில் ஐந்து பங்கு வருஷமெல்லாம் பூட்டிக் கிடக்கும். லட்சுமணனும் அவர் மனைவி மெய்யம்மை ஆச்சியும் மட்டும் கோயம்புத்தூரில் வேலையெல்லாம் முடித்துக்கொண்டு போன வருஷம் இங்கே குடிவந்துவிட்டார்கள். லட்சுமணனுக்கு இதயத்தில் பைபாஸ் செய்த உடம்பு. வந்த முதல் சித்திரையிலேயே வெக்கை தாங்காமல் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டார்.

சாதாரண ஏ.சி.யைச் சுவரில் மாட்ட ஆச்சி சம்மதிக்கவில்லை. "மொகம் பாக்கலாம், அம்புட்டு வழவழப்பா இருக்கு சுவரு. அதுல போயி ஐஸ்பெட்டி கணக்கா வெள்ளையா ஒண்ணைத் தொங்கவிடுவீகளா?" என்றார். அதனால்தான் ஏர் ஹேண்ட்லர். பெட்டி பரணுக்குள் மறைந்து கிடக்கும். குளிர்ந்த காற்று மட்டும் ஒரு மரச்சட்டம் வழியாக அறைக்குள் இறங்கும். வெளியே வைக்கிற மெஷினுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. நடுமுற்றமான வளவு எல்லாருக்கும் பொது. அங்கே வைக்க முடியாது. லட்சுமணன் பங்கில் பின்கட்டில் கிணற்றோரம் ஒரு துண்டு இடம் இருந்தது. அங்கே பைப் போக வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் ராமநாதன் செட்டியாரின் அறைகளைக் கடக்க வேண்டும்.

ராமநாதன் லட்சுமணனுக்குப் பெரியப்பா மகன். சென்னைவாசி. மாசி மாதம் படைப்புக்கு மட்டும் வருவார். முன்னோர்களுக்குப் புதுத்துணி வைத்துச் சமைத்துப் படைக்கிற அந்த நாளில் பங்காளிகள் எல்லாரும் வந்து அவரவர் அறையைத் திறந்து தங்குவார்கள். முடிந்ததும் பூட்டிக்கொண்டு போனால் அடுத்த மாசிக்குத்தான் கதவு திறக்கும். போனில் கேட்டபோது யோசித்துவிட்டு, சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"பைப்பு பரண் மேல போகட்டும். நான் படைப்புக்கு வந்து நிக்கிறப்ப எஞ் சுவத்துல ஒரு தழும்பு தெரியக் கூடாது. தெரிஞ்சுதோ, அன்னைக்கே பிடுங்கி எறியச் சொல்லிருவேன்."

அதற்காகத்தான் இருளாண்டியைப் பிடித்து வந்தார்கள். பளிங்கு போலச் சுண்ணாம்புப் பூச்சு பூசுகிறவர். ஹோட்டல்காரர்கள் ஆறு மாதம் முன்பே சொல்லிவைத்துக் காத்திருப்பார்கள். ஆச்சி அவரை ஒரு ஹோட்டல் வேலையின் நடுவிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் மற்ற நாட்களில் சாயங்காலமும் மட்டும் என்று பேசிக் கூட்டிவந்திருந்தார்.

அளவெடுத்த வியாழக்கிழமை, காரைக்குடிக்குத் திரும்பும் வழியில் பைக்கை ஓட்டியபடியே பாண்டிமுருகன் சொன்னான்:

"இந்த வீட்டு வேலை மட்டும் சுத்தமா முடியட்டும், அகல்யா. அடுத்த வேலைக்கு ஒன்னையத் தனியாவே அனுப்பிர்றேன். ஆத்தாகிட்ட நானே பேசுறேன்."

ஆத்தா அக்கம்மாள் ஒரு வருஷமாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பொட்டைப்பிள்ளை ஏணியில் ஏறி நெருப்பைப் பிடிக்கிறாளே, நாளைக்கு எவன் வந்து கேட்பான் என்று. பிள்ளை கடையோடு இருக்கட்டும், இல்லையென்றால் வீட்டோடு இருக்கட்டும் என்பது அவளுடைய முடிவு. அகல்யாவுக்கு வேறெதுவும் வேண்டாம். ஒரு வீட்டில் தனியாக நின்று, ஒரு மெஷினைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே வைக்க வேண்டும். அண்ணன் பின்னால் நின்று பார்க்காமல். அவ்வளவுதான். பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அதற்கும் தலையைத்தான் ஆட்டினாள். அண்ணனுக்கு அது தெரிந்திருக்காது.

கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். லட்சுமணன் பரணில் ஆறடி. ராமநாதனின் முன்னறை பதினோரடி. உள்ளறை பத்தடி. வெளிச்சுவரில் இறங்க நாலடி. மொத்தம் முப்பத்தொன்று. வழக்கம்போல ஒன்றரை அடி கூட்டி முப்பத்திரண்டரை. தடித்த பைப்பும் ஒல்லிப் பைப்புமாக அந்த நீளத்துக்கு வெட்டி, மேலே கறுப்பு ரப்பர் உறையையும் ஏற்றி, சுருட்டிக் கட்டிவைத்துவிட்டாள்.

காரைக்குடிப் புது வீடுகளில் சுவர் ஒன்பது அங்குலக் கனம். இரண்டு சுவரைக் கடந்தாலும் அந்த ஒன்றரை அடிக்குள் அடங்கிவிடும். எட்டு வருஷமாக அடங்கித்தான் வந்தது. நாச்சியாபுரம் வீட்டில் ஒவ்வொரு சுவரும் இரண்டரை அடி. அப்படி மூன்று சுவர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பைப்பை உள்ளிருந்து தள்ளிக்கொண்டே வந்தார்கள். முதல் சுவர் கடந்தது. இரண்டாவது கடந்தது. உள்ளறைப் பரணையும் தாண்டி, வெளிச்சுவரின் ஓட்டைக்குள் அரையடி நுழைந்ததும் பைப் நின்றுவிட்டது. பாண்டிமுருகன் பின்கட்டில் ஏணி போட்டு ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவினான். தோள்வரைக்கும் உள்ளே போனது. நுனி அகப்படவில்லை.

"இன்னும் தள்ளு புள்ள!"

"அம்புட்டுத்தாண்ணே."

"என்னது அம்புட்டுத்தான்?"

அவன் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து பார்த்தான். சுவரைப் பார்த்தான், பைப்பைப் பார்த்தான், அப்புறம் தங்கச்சியைப் பார்த்தான். ஆறடி குறைகிறது. தன்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அப்போதுதான் அகல்யாவுக்கு முழுசாகக் கேட்டது.

பாண்டிமுருகன் திட்டவில்லை. நேரம் இல்லை. பக்கத்து அறையில் இருளாண்டி சுண்ணாம்புக் கலவையைத் தயாராக வைத்துக்கொண்டு, "என்ன மாப்ள, இன்னைக்கு முடிச்சுக் குடுப்பியா, இல்ல இந்தக் கலவைய நான் சோத்துல பெசஞ்சு திங்கவா?" என்று சத்தம் போட்டார். அன்றைக்குக் கடைசிப் பூச்சுக்கு அடி போட்டால்தான் படைப்புக்குள் காய்ந்து தேய்ப்பு ஏறும். ஞாயிற்றுக்கிழமை காப்பர் கடை இல்லை. சாமான் ஏற்றிவந்த வண்டியில் பழைய வேலையில் மிஞ்சிய துண்டு கிடந்தது. தடியும் ஒல்லியுமாக, ஆறே கால் அடி. இன்னும் ஒரு அடி இருந்தால் பைப்பைப் பின்னால் இழுத்து, இணைப்பைக் கைக்கு எட்டும்படி பரண் மேலேயே போட்டிருக்கலாம். ஆறே கால் அடிக்குச் சுவருக்குள்தான் இணைப்பு விழும்.

சுவருக்குள் இணைப்பு வைக்கக் கூடாது என்பதை அகல்யாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

ஓட்டைக்குள் வெல்டிங் தீயைக் காட்ட இடமில்லை. பைப்பின் வாயைப் புனல்போல விரித்து, பித்தளை நட்டை வைத்து முடுக்கினான். ஏணியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, முகமெல்லாம் வியர்வை வழிய, அவசரம் அவசரமாக. நட்டு பருத்திருந்ததால் சுவருக்குள் வைக்கிற பிளாஸ்டிக் குழாய் நுழையவில்லை. அதை உருவி எறிந்தான். பைப்புக்குள் நைட்ரஜனை நானூறு பவுண்டு அழுத்தத்துக்கு ஏற்றி அடைத்தார்கள். கேஜில் முள் நின்ற இடத்தில் நின்றால் பைப் முழுசு. இறங்கினால் எங்கோ ஓட்டை. ஒரு மணி நேரம் பார்த்தார்கள். முள் அசையவில்லை.

"நின்னிருச்சு. பூசச் சொல்லு," என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றான்.

மூச்சு விடாமல் இருக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருளாண்டி செங்கல் துண்டும் சுண்ணாம்புமாக ஓட்டையை அடைத்து, பூச்சு மேல் பூச்சாகப் போட்டார். திங்கள் முதல் வியாழன்வரை சாயங்காலங்களில் ஹோட்டல் வேலை முடிந்து வந்து, கூழாங்கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்த நாட்களில் அண்ணனும் தங்கையும் லட்சுமணன் அறையில் பெட்டியைத் தொங்கவிட்டார்கள், காற்றுக் குழாய் கட்டினார்கள், தண்ணீர் வடியும் பைப்பைச் சரிவு பார்த்து இறக்கினார்கள். நைட்ரஜன் பைப்புக்குள்ளேயே இருந்தது. பின்கட்டில் மெஷின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் அகல்யா தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முள் நிற்கும் இடத்தை எழுதினாள்.

திங்கள், முந்நூற்றுத் தொண்ணூறு. செவ்வாய், முந்நூற்று எழுபத்தைந்து.

"ராத்திரிக் குளிருக்கு எறங்கும். அது அப்பிடித்தான்," என்றான் பாண்டிமுருகன்.

"பன்னெண்டு மணிக்குப் பன்னெண்டு மணி பாக்குறேன்ணே. வெயில் ஒண்ணுதான்."

அவன் சோப்பு நுரையை எடுத்துக்கொண்டு இரண்டு முனையிலும் தடவினான். எங்கும் குமிழி வரவில்லை. மீதி இருப்பது சுவர் மட்டும்தான். வியாழக்கிழமை முள் முந்நூற்று நாற்பதில் நின்றது. அன்றைக்கு அவன் அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை படைப்பு. வெள்ளிக்கிழமை காலையிலேயே ராமநாதன் வந்து இறங்கிவிட்டார். கையில் பையோடு நேரே தன் உள்ளறைக்குப் போனார். பின்னாலேயே லட்சுமணனும் ஆச்சியும் போனார்கள். அன்றைக்கு ஹோட்டலில் லீவு சொல்லிவிட்டு இருளாண்டியும் புதுத்துண்டு போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

ராமநாதன் உள்ளங்கையைச் சுவரில் வைத்து நீளத் தடவினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"எங்குட்டுய்யா ஓட்டை போட்டீக?"

"நீங்களே கண்டுபுடிங்க. கண்டுபுடிச்சுட்டீகன்னா எனக்குக் கூலி வேணாம்."

ராமநாதன் ஓரிடத்தைத் தட்டிக் காட்டினார். இருளாண்டி சிரித்தார். ராமநாதன் இன்னோரிடத்தைக் காட்டினார். "அது உங்க அப்பச்சி காலத்துப் பூச்சுங்க," என்றார் இருளாண்டி. லட்சுமணன் விழுந்து விழுந்து சிரிக்க, ஆச்சி "மெதுவா, மெதுவா" என்று அவர் நெஞ்சைப் பார்த்தார்.

"பைப்பு எப்பிடி, பாண்டிமுருகா?" என்று வாசலில் நின்றவனை லட்சுமணன் கேட்டார்.

"கல்லு மாதிரி நிக்குதுங்கய்யா. இனி கேஸைத் தெறக்க வேண்டியதுதான்."

அகல்யா கதவோரம் நின்றிருந்தாள். அண்ணன் பின்கட்டுக்கு நடந்தான். அவளும் பின்னாலேயே போனாள். முள் முந்நூற்று முப்பதில் இருந்தது. அவன் நைட்ரஜனை வெளியே விட வால்வில் கையை வைத்தான். அதை விட்டுவிட்டால் முள்ளும் இல்லை, இறங்கியதற்குச் சாட்சியும் இல்லை.

"வேணாம்ணே."

"சத்தம் போடாத."

"வெட்டவெளிச்சமா எறங்குதே, அண்ணே."

"ஆறு மாசம் ஓடும் புள்ள. கொறஞ்சா வந்து கேஸ் ஏத்திக் குடுத்துட்டுப் போவோம். ஊர்ல நடக்காததா?"

"அது ரெண்டு மாசங்கூடத் தாங்காது. சித்திரையில நின்னுபோகும். அப்ப இந்த அறை பூட்டிக் கெடக்கும். அடுத்த மாசிக்குத்தான் தெறப்பாக."

பாண்டிமுருகன் நிமிர்ந்து பார்த்தான். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதில்லை.

"ஒனக்காகத்தான் சொல்றேன். இப்பப் போயி வாயத் தெறந்தா மொதக் கேள்வி யாரு அளந்ததும்பாக. செட்டியார் எல்லாத்தையும் பிடுங்கி எறியச் சொல்லுவாரு. காரக்குடி முச்சூடும் தெரியும். அப்புறம் நான் ஒன்னைய எந்த மொகத்தோட தனியா அனுப்ப? ஆத்தா அனுப்ப விடுமா? நல்லா யோசி."

அவள் யோசிக்கத்தான் செய்தாள். திங்கட்கிழமையிலிருந்து அதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. பிறகு திரும்பி உள்ளறைக்கு நடந்தாள். நான்கு பேரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இருளாண்டியின் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"கொத்தனாரய்யா, அன்னைக்குக் கேட்டீகள்ல... சுவத்துக் கனம். நான் சேக்கல."

"என்னத்தா சொல்ற?"

"சேக்காமத்தான் அளந்தேன்."

"பெறகு எதுக்குத் தலைய ஆட்டுன? பூம்பூம் மாடு கணக்கா!"

லட்சுமணன் மறுபடியும் சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். பைப் குறைந்ததை, சுவருக்குள் இணைப்பு விழுந்ததை, முள் இறங்குவதைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். "இந்த இடத்துல ஒடைக்கணும்," என்று அண்ணாந்து, பரணை ஒட்டியிருந்த பூச்சைக் காட்டினாள். ராமநாதன் கண்டுபிடிக்க முடியாத இடம்.

ராமநாதன் முகம் சிவந்துவிட்டது.

"நாளைக்கு எம் மருமகளும் பேரப்புள்ளைகளும் வந்து படுக்கிற அறை இது. படைப்பை வச்சுக்கிட்டு உளியப் போடுவீகளோ? எல்லாம் ஞாயித்துக்கெழம கழிச்சுப் பாக்கலாம்."

"ஞாயித்துக்கெழம ராத்திரி ரயிலுக்கு நீங்க பூட்டிட்டுப் போயிருவீகய்யா," என்றாள் அகல்யா.

"எதுத்துப் பேசுறாளே இவ!"

"அவ சரியாத்தான் பேசுறா," என்றார் மெய்யம்மை ஆச்சி. "சித்திரையில இவுக மயங்கி விழுந்தா, உங்க சுவத்து வழவழப்பைக் காட்டியா நான் எழுப்ப முடியும்?"

ராமநாதன் ஆச்சியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டினார், கழற்றினார். கடைசியில், "சாயங்காலத்துக்குள்ள முடியணும். அதுக்கு மேல இந்த வீட்டுக்குள்ள உளிச் சத்தம் கேக்கக் கூடாது," என்றார்.

வாசலில் பாண்டிமுருகன் வந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. எல்லாரும் கேட்கும்படி, "நாளையிலேருந்து நீ கடையில உக்காந்து பில்லு எழுது," என்றான்.

அகல்யா தான் வந்த ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காரைக்குடிக்குப் போனாள். கண்ணைத் துடைக்க வழியில் ஓரிடத்தில் நிறுத்தினாள். அதற்கு மேல் நேரமில்லை. காப்பர் கடையில் தடியிலும் ஒல்லியிலும் பத்துப் பத்து அடி வாங்கித் திரும்பும்போது, இருளாண்டி பூச்சை உடைத்து முடித்திருந்தார். உடைக்க வேறொருவனைக் கூட்டிவரட்டுமா என்று லட்சுமணன் கேட்டதற்கு, "தேச்சவன்தான் ஒடைக்கணும். வேற எவனாவது கைய வச்சான்னா கைய ஒடிச்சிருவேன்" என்றாராம். ஒரு விரிசல்கூடப் பக்கவாட்டில் ஓடவில்லை. கத்தியால் கேக்கை வெட்டியதுபோல ஒரு சதுரம். எடுத்த பூச்சுத் துண்டுகளைத் தன் புதுத்துண்டில் அடுக்கி வைத்திருந்தார்.

"அஞ்சு நாளுத்தா," என்றார் அவளிடம். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்கு உறைத்தது.

அகல்யா நைட்ரஜனை வெளியே விட்டுவிட்டு, ஏணியில் ஏறி ஓட்டைக்குள் கையை விட்டு நட்டைக் கழற்றினாள். தடித்த பைப்பின் விரித்த வாயில் தலைமுடி போல ஒரு கோடு ஓடியிருந்தது. காப்பர் வெடித்த கோடு. விரிக்கும்போதே வெடித்திருக்கிறது, அன்றைக்கு ஒரு மணி நேரம் எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டு, பிறகு மெல்ல விட்டிருக்கிறது. அவள் அந்தத் துண்டை அறுத்து எடுத்துக் கீழே நீட்டினாள். வாங்கியது பாண்டிமுருகன்.

"என்ன கெட்டுப்போச்சு அதுல?" என்று கேட்டார் ராமநாதன்.

பாண்டிமுருகன் துண்டைத் திருப்பிப் பார்த்தான். கோட்டை அவனும் பார்த்துவிட்டான் என்பது அவன் கட்டைவிரல் அதன்மேல் நின்றதிலேயே தெரிந்தது. விரித்த கை அவனுடையது.

"அளவு பத்தலைங்கய்யா," என்றாள் அகல்யா மேலிருந்து. "அளவு நான் எடுத்தது."

அவன் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இந்தத் தடவை பழைய பைப்பை உள்ளறைக்குள் ஒன்றரை அடி பின்னுக்கு அறுத்துவிட்டாள். இணைப்பு பரண் மேல், ஏணி போட்டால் கைக்கு எட்டுகிற இடத்தில் விழுந்தது. பரண் பலகைமேல் ஈரச் சாக்கை விரித்து, தீயைச் சின்னதாக வைத்து வெல்டிங் போட்டாள். உருகிய வெள்ளிக் கம்பி இணைப்பைச் சுற்றி ஒரே ஓட்டமாக ஓடி மூடிக்கொண்டது. சுவருக்குள் பிளாஸ்டிக் குழாய் வைத்து அதற்குள் முழுப் பைப்பைச் செலுத்தினார்கள். நைட்ரஜன் மறுபடி நானூறு. இருளாண்டி ஓட்டையை அடைத்து மேலாகப் பூசினார். தேய்க்க நேரமில்லை. பளபளத்த சுவரின் உச்சியில், பரணை ஒட்டி, சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று ஒரு சதுரம்.

"அதுக்கு மேல ஒரு காலண்டரைத் தொங்கவிட்டா என்ன?" என்றார் லட்சுமணன்.

"எஞ் சுவத்துல ஆணியா?" என்றார் ராமநாதன்.

"திங்கக்கெழம காலையில வந்து தேச்சுக் குடுத்துர்றேன். நீங்க ரெண்டு நாள் கூடத் தங்கிட்டுப் போங்க," என்றார் இருளாண்டி.

"டிக்கெட்டு எடுத்தாச்சுய்யா."

"மாத்துங்க. நான் அஞ்சு நாள மாத்தல?"

ராமநாதன் போனை எடுத்துக்கொண்டு வளவுப் பக்கம் போனார். யாரிடமோ டிக்கெட்டைப் பற்றிக் கேட்பது உள்ளே கேட்டது.

அன்றைக்கு வீடு திரும்பியதும் பாண்டிமுருகன் நேரே தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். ஆத்தா என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, சோத்தப் போடு" என்றான். காலையில் அகல்யா கடையைத் திறந்து பில் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்பது மணிக்கு அவன் வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரனை அடித்தான். அவள் வெளியே வந்து பார்த்தாள். ஏறு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் கடையைப் பூட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

நாச்சியாபுரம் வீட்டில் படைப்புக்குப் பாத்திரங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. வளவு முழுக்கப் பிள்ளைகள் ஓடின. இருவரும் ஓரமாக நடந்து பின்கட்டுக்குப் போனார்கள். மதியம்வரை மரச்சட்டத்தைப் பொருத்துவதும் வயர் இழுப்பதுமாக இருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அகல்யா கேஜின் முன்னால் போய் நின்றாள். அவனும் வந்தான், குனிந்து பார்த்தான், கேஜின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். நானூறு. முந்தின நாள் விட்ட இடத்திலேயே முள் நின்றது.

அவன் வால்வைத் திறந்து நைட்ரஜனைச் சீறவிட்டான். மீதி வேலை என்னவென்று இருவருக்கும் தெரியும். பம்ப்பை மாட்டிப் பைப்புக்குள் இருக்கும் காற்றை ஒரு மணி நேரம் உறிஞ்ச வேண்டும். முள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸைத் திறக்க வேண்டும். மெஷினை ஓடவிட்டு, லட்சுமணன் அறையில் காற்று சில்லென்று இறங்குகிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ரிமோட்டைக் காட்டி, எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை அவன் இதுவரை யாரிடமும் விட்டதில்லை.

அவன் போன் அடித்தது. காளையார்கோவிலில் ஒரு வீட்டில் ஏ.சி. தண்ணீர் ஒழுகுகிறதாம். "வாரேன், அரை மணி நேரம்," என்று சொல்லிவிட்டு வைத்தான். தன் கைப்பையை மட்டும் எடுத்துக் குறடு, ஸ்குரூ டிரைவர், டெஸ்டர் என்று நாலைந்து சாமான்களை அதில் போட்டான். பம்ப், கேஸ் சிலிண்டர், கேஜ், எடைத்தராசு எதையும் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து வெடித்த காப்பர் துண்டை எடுத்து ஒரு கணம் பார்த்து, பழைய காப்பர் போடுகிற சாக்குக்குள் போட்டான்.

அகல்யா பம்ப்பின் வயரைப் பிரித்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். திட்டினாலும் சரிதான்.

பாண்டிமுருகன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அவளைச் சுற்றிப் பரப்பி வைத்திருந்த சாமான்களை மிதிக்காமல் தாண்டி, கிணற்றடி வழியாகப் போனான். பின்வாசல் கதவு திறந்து மூடியது. பைக் கிளம்பிக் காளையார்கோவில் ரோட்டுப் பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது.